வேடர் வேடம்

எமது வீட்டுக் குசினியிலே ஒரு மண்சட்டி உடைந்த வரலாற்றைச் சொல்லப் புகுகின்றோம். சட்டி உடைந்ததையெல்லாம் பத்திரிகையில் எழுதுவதா என்று வாசகர் சினத்தல் கூடாது. அதனை உடைத்தவர் நாமே. உடைத்த காரணம் அமெரிக்க நாட்டுச் சினிமாப் படமொன்றில் வரும் கொடியோன் ஒருவன்.

தை, மாசி மாதங்களில் எம் நாட்டுப் பாடசாலைகளில் இல்ல மெய்வல்லுநர் போட்டிகள் நடப்பது யாவரும் அறிந்ததே. ஓட்டம், பாய்தல், அஞ்சல் எல்லாம் முடிந்து, பரிசளிப்புத் தொடங்குமுன் வினோத உடைப் போட்டி நடைபெறும். இளநீர் விற்பவரும், ஒளவைப் பாட்டியும், பொலிஸ்காரரும், தபாற்காரரும் வரிசையாக மைதானத்தைச் சுற்றி வருவர். உண்மையில், பெற்றோரிற் பலர் வெயிலைப் பொறுத்து மாலைவரை அமர்ந்திருப்பது இதற்காகத்தான். நான்காந் தரத்திற் பயிலும் எங்கள் சின்னவன் இம்முறை தானும் பங்குபற்றப் போவதாக ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது அறிவித்தான். வாயால் அறிவிக்கவில்லை. கொப்பித் தாளொன்றில் இரண்டு சொற்களை எழுதி எம் கோப்பையின் அருகே வைத்தான். “டார்த் வேடர்” என்றிருந்தது. நாம் அதனை உரக்க வாசித்தோம்.

வாசித்ததுதான் தாமதம், மூலையில் இருந்த எம் தாயார் கைகூப்பினார்.

“வேடரோ? நல்லது ராசா! கண்ணப்பநாயனார் எல்லோ! வில்லும் அம்பும் அப்பாச்சி கட்டித் தாறன்.”

மறுநாட் காலைக்குள் அயலில் நாலு வீட்டுக்குச் செய்தி போய்விட்டது. மயிலிறகுகூட ஒன்று வந்து சேர்ந்தது. இந்த வேடர் காளத்தி மலை வேடர் அல்லர், 1977 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஸ்டார் வோர்ஸ்’ என்னும் படத்திற் கறுப்பு அங்கியும் கறுப்பு முகமூடியும் அணிந்து வரும் வில்லன் என்பதை அம்மாவுக்கு விளங்கவைக்க மூன்று நாள் சென்றன. கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த மைத்துனன் மகன் தன் மடிக்கணினியில் அப்படங்களைச் சின்னவனுக்குக் காட்டிவிட்டுப் போயிருந்தான். கதையைக் கேட்ட அம்மா ஒரே கேள்விதான் கேட்டார்.

“பெத்த பிள்ளையின்ர கையை வெட்டினவனோ தேப்பன்?”

1980 இல் வந்த இரண்டாம் படத்தில் அவன் அவ்வாறு செய்வது உண்மையே. நாம் விடை கூறாது எழுந்து சென்றோம்.

ஒழுக்கநூல்களைக் கற்பிக்கும் கல்லூரி ஆசிரியர் ஒருவர் தம் மகனைக் கொடியவன் வேடத்தில் அனுப்பலாமா என்று எம் இல்லாளும் ஐயுற்றார். எமக்கு அந்த ஐயம் எழவில்லை. கந்தசஷ்டி ஆறாம் நாள் எம்மூர்க் கோயில் வீதியில் நிற்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். சிறுவர்கள் எல்லாரும் நிற்பது சூரன் பக்கத்திலேயே. யானைமுகம் போய்ச் சிங்கமுகம் வருவதும், சூரனைத் தூக்கியோர் ஓடி ஓடி ஆட்டுவதும், ஈற்றில் மாமரமாய், சேவலும் மயிலுமாய் மாறுவதும் அவர்களுக்கு விருந்து. நாமும் அவ்வயதில், போருக்கு முன்னரே சூரன் கட்டும் கொட்டிலுக்குச் சென்று, கழற்றி வைத்த தலைகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஓடி வந்தவர்தாம். ஆதலால் இசைந்தோம்.

வாடகைக்கு உடை கொடுக்கும் கடைகளில் அரசர் உண்டு, பாரதியார் உண்டு, முருகன் உண்டு. டார்த் வேடர் இல்லை. வெளிநாட்டிலிருந்து வருவிப்பதானால் விலை எம் சம்பளத்துக்கு ஏற்றதன்று. வீட்டிலேயே செய்வது என்று முடிவாயிற்று. எதையும் மூலநூல் பார்த்துச் செய்தல் வேண்டும் என்று மாணாக்கருக்குக் கூறுபவர் ஆதலின், அவ்வுடை முதன்முதலில் எங்ஙனம் உருவானது எனத் தேடினோம். கண்டது எமக்குப் பெருந் தைரியத்தைத் தந்தது.

அவ்வுருவத்தை முதலில் வரைந்தவர் ரால்ப் மக்குவாரி என்னும் ஓவியர். கதையிலே வேடர் ஒரு விண்கலத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல வேண்டியிருந்தது. வெளியிற் காற்றில்லையே, மூச்சுக்கு என்ன செய்வான் என்று எண்ணிச் சுவாச முகமூடியொன்றை வரைந்தார். படத்தின் பெயர்போன அடையாளம் அவ்வாறு பிறந்தது. வரைந்ததை உடையாக்கும் பொறுப்பு ஆங்கிலேயரான ஜோன் மொல்லோவிடம் வந்தது. போர்வீரரின் சீருடைகளைப் பற்றி ஆராய்ந்து நூல்கள் எழுதியவர் அவர். இலண்டனில் நாடக உடைகளை வாடகைக்கு விடும் நிலையமொன்றுக்குப் போய், ஒரு பகுதியிலிருந்து மோட்டார் சைக்கிள் ஓட்டுநரின் தோலுடை, இன்னொன்றிலிருந்து ஜெர்மன் படையினரின் தலைக்கவசம், வேறொன்றிலிருந்து நச்சுவாயு முகமூடி, இடைக்காலத் துறவிகள் பகுதியிலிருந்து ஓர் அங்கி என எடுத்து, ஓராளுக்கு அணிவித்துப் பார்த்தாராம். பின்னர் பிரயன் மியூர் என்னும் சிற்பி கவசத்தையும் முகமூடியையும் கையால் வடித்தார். அப்படத்துக்காக மொல்லோ 1978 இல் ஒஸ்கார் விருது பெற்றார். ஆகவே உலகை நடுங்கவைத்த அந்த உடையும் நாலிடத்துப் பழையதைக் கூட்டிச் சேர்த்ததுதான். நம் வீட்டிற் பழையதற்கா பஞ்சம்?

தலைக்கவசத்துக்கு அச்சாக அம்மாவின் மண்சட்டியை எடுத்துக் கவிழ்த்தோம். மகனுடைய தலையிலும் சற்றே பெரிய சட்டி. கோதுமை மாவைக் காய்ச்சிப் பசையாக்கி, பத்திரிகைத் தாள்களைக் கீலங்களாகக் கிழித்துத் தோய்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினோம். அவை ஞாயிற்றுக்கிழமைப் பதிப்புகளே, பத்திராதிபர் மன்னிப்பாராக. ஒரு படை ஒட்டி ஒருநாள் வெயிலிற் காயவிட்டு மறுபடை ஒட்டவேண்டும். அவ்வாறு நாலு படை. ஐந்தாம் நாள் கழற்றப் பார்த்தால் வரவில்லை. முதற் படையைப் பசையில்லாமல் வெறுந் தண்ணீரில் நனைத்து ஒட்டியிருக்க வேண்டும், அல்லது சட்டிக்கு நல்லெண்ணெய் பூசியிருக்க வேண்டும் என்பது பின்னரே தெரிந்தது. நாம் பக்குவமாகத் தட்டினோம். பின்னர் சிறிது பலமாகத் தட்டினோம். கவசம் பிழைத்தது, சட்டி மாண்டது. பன்னிரண்டு ஆண்டு மீன்குழம்பு வைத்துப் பழகிய சட்டி என்று அம்மா சொன்ன பிறகே அதன் அருமை விளங்கிற்று.

கழுத்தின் பின்புறம் விரிந்து இறங்கும் பகுதிக்கு மட்டைப் பெட்டியை வெட்டி, நனைத்து, வளைத்து ஒட்டினோம். படத்தில் அது ஜப்பானிய சாமுராய் வீரரின் தலைக்கவசம்போல இருக்கும். எம்முடையது முறம்போல் இருந்தது. முகமூடியை வேறாகச் செய்து கவசத்தை மேலே கவிழ்த்தோம்; மூலத்திலும் அவை இரண்டும் வெவ்வேறே. வாயிடத்து முக்கோணத்தில் ஈர்க்குகளை நெருக்கி நட்டோம். நெஞ்சிலுள்ள கருவிக்குச் சவர்க்காரப் பெட்டியும் பழஞ் சட்டைப் பொத்தான்களும் உதவின. மேலங்கிக்குக் கறுப்பு வேட்டி நல்லது என்று ஐயப்பனுக்கு மாலையிடும் அண்டை வீட்டாரிடம் ஒன்று கேட்கப் போனோம். விரதம் இருந்து கட்டின வேட்டியைப் பேய்க்குப் போர்த்துவதா என்று அம்மா படலையிலேயே மறித்துவிட்டார். பின்னர் எம் தந்தையார் விட்டுச் சென்ற இரண்டு பழங் குடைகளின் சீலையைப் பிரித்து, எட்டும் எட்டும் பதினாறு முக்கோணங்களையும் தலைமாடு கால்மாடாக அடுக்கி, இல்லாள் தையல் இயந்திரத்தில் இணைத்துத் தந்தார். குடைச்சீலையின் அந்த மங்கிய மினுக்கம் வேறெந்தத் துணியிலும் வாராது.

கண்களே பெருந் தொல்லை கொடுத்தன. வெளியே கருமையாகத் தெரிய வேண்டும், உள்ளிருந்து வழியும் தெரியவேண்டும். கறுப்புக் கண்ணாடித்தாள் தேடி அலைந்து வெறுங்கையோடு வந்தபோது, அம்மா தம் பெட்டகத்திலிருந்து ஒரு பெரிய உறையை எடுத்து வந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் எடுத்த முழங்காலின் எக்ஸ்-கதிர்ப் படம்.

“இதின்ர ஓரம் கறுப்புத்தானே. வெட்டு. வேடர் எண்டால் கண் குடுக்கத்தானே வேணும்.”

எம் தாயார் எப்பொழுது பேயிலிருந்து மீண்டும் கண்ணப்பருக்கு வந்தார் என்பது எமக்கு இன்றுவரை புலப்படவில்லை.

வர்ணம் பூசி முடிந்ததும் பார்த்தால் முகம் கோணல். இடக்கன்னம் ஏறியும் வலக்கன்னம் இறங்கியும் இருந்தது. சின்னவனின் முகம் வாடிற்று. அப்போதுதான் எம் தேடலில் அகப்பட்ட ஒன்றை அவனுக்குச் சொன்னோம். மியூர் கையால் வடித்த 1977 ஆம் ஆண்டு முகமூடியின் இரு பக்கமும் ஒத்தவையல்ல. 2005 இல் வந்த படத்துக்குத்தான் இரு பக்கமும் ஒன்றுபோலத் திருத்தி அமைத்தார்கள். பழைய முகத்தில் வாழ்ந்த ஏதோ ஒன்று அத்திருத்தத்தில் இல்லாமற் போயிற்று என்பது எம் அபிப்பிராயம். இன்னொன்றும் உண்டு: அந்த முதல் முகமூடி முழுக் கறுப்பன்று, கறுப்பும் துப்பாக்கி உலோகத்தின் சாம்பல் நிறமும் பகுதி பகுதியாக மாறி மாறிப் பூசப்பட்டது. நாமும் கறுப்பிற் சிறிது வெள்ளி வர்ணத்தைக் குழைத்துப் பூசினோம். கோணல் அப்படியே இருக்கட்டும் என்றான் மகன். அதையும் எழுதித்தான் காட்டினான்.

அம்மூச்சுச் சத்தம் இல்லாமல் டார்த் வேடர் இல்லை. படத்துக்கு ஒலியமைத்த பென் பேர்ட் என்பவர், நீரில் மூழ்குவோர் வாயிற் கவ்வும் சுவாசக் கருவிக்குள் சிறியதோர் ஒலிவாங்கியைச் செருகி, தம் மூச்சையே பதிவு செய்து அதனை உண்டாக்கினார். எம்மிடம் இருந்தது அரையடி எஸ்லோன் குழாய். அதனை முகமூடியின் உட்புறம் பொருத்தி மூச்சு விட்டபோது, கிணற்றுக்குள்ளிருந்து யாரோ மூச்சு விடுவதுபோலக் கேட்டது. சின்னவன் விறாந்தையில் இங்கும் அங்கும் நடந்து நடந்து பழகினான். அவ்வளவு மகிழ்ச்சியாக அவனை நாம் பல மாதங்களாகக் கண்டதில்லை.

இங்கேதான் எம் வாத்தியார்ப் புத்தி குறுக்கிட்டது. போட்டியில் ஒலிவாங்கி பிடிப்பவர் ஒவ்வொரு பிள்ளையையும் “நீங்கள் யார்?” என்று கேட்பார், இரண்டு வசனம் சொன்னால் நடுவர்கள் புள்ளி போடுவார்கள். நாம் கல்லூரியின் விவாத அணிக்குப் பயிற்சி கொடுப்பவர். கம்பீரமான இரு வசனங்களை எழுதி, மனனம் செய் என்று மகனிடம் கொடுத்தோம். அவன் அதனை வாசித்தான், மடித்தான், மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டான். அன்றிரவு இல்லாள் விளக்கை அணைத்தபின் மெல்லச் சொன்னார்:

“இஞ்சேருங்கோ, அவன் ஏன் அந்த வேசத்தைத் தெரிஞ்செடுத்தவன் எண்டு உங்களுக்கு இன்னும் விளங்கேல்லையோ? அதிலை மூச்சு மட்டும் விட்டால் காணும்.”

வாசகருக்கு இதுவரை ஒன்றை மறைத்துவிட்டோம். எங்கள் சின்னவனுக்கு நா தடுக்கும். சொல்லின் முதலெழுத்திலே சிக்கிக்கொண்டு நிற்பான். எழுத்தில் அதனை வரைந்து காட்ட எமக்கு மனமில்லை. தேவாரம் பாடும்போது ஓரெழுத்தும் தடுக்குவதில்லை. ஆதலால் அவன் முயன்றாற் பேசலாம், முயல்வதில்லை என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தோம். பாடும்போதும் பலரோடு சேர்ந்து சொல்லும்போதும் திக்காமை திக்குவோர் பெரும்பாலார்க்கும் பொதுவென்பதையும், மூளையிற் பேச்சு ஒழுங்காகும் விதத்திலும் பரம்பரையிலும் அதன் வேர் இருப்பதையும், சோம்பலுக்கோ பயத்துக்கோ அது பிறந்ததன்று என்பதையும் பிந்தித்தான் படித்தறிந்தோம். “மூச்செடுத்துச் சொல்”, “ஆறுதலாய்ச் சொல்” என்று நாம் நாளுக்குப் பத்துமுறை சொல்லிவந்தவை உதவியல்ல, சுமை. அவன் சொல்லத் தொடங்கியதை நாம் சொல்லி முடித்ததும் அவ்வாறே.

முந்திய ஆண்டு அவன் பாரதியார் வேடமிட்டிருந்தான். தலைப்பாகையும் மீசையும் வெகு பொருத்தம். ஒலிவாங்கி வாயருகே வந்தது. முதலெழுத்திலே நின்றான். மைதானம் முழுவதும் அமைதி. முன்வரிசையில் இருந்த நாம் எழுந்து, அவன் சொல்லவேண்டிய வரியை எம் மேடைக் குரலிலே சொல்லி முடித்தோம். சனம் கைதட்டிற்று. கைதட்டல் எமக்கு. நல்ல காரியம் செய்தோம் என்று எண்ணிக்கொண்டே வீடு வந்தோம். அதன்பின்பே அவன் கொப்பித் தாளில் எழுதிக் காட்டத் தொடங்கினான் என்பதை அந்த இருளில் கிடந்தபோதுதான் கணக்குப் பார்த்தோம்.

உறக்கம் வராமல் எழுந்து, வேடரைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்ததையே மீண்டும் எடுத்தோம். அந்த உடைக்குள் ஒருவர் அல்லர், பலர் இருந்தனர். உடல் டேவிட் புரோஸ் என்பவருடையது. ஆறரையடி உயரமுள்ள பளுதூக்கும் வீரர், இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தவர். அவருடைய பேச்சின் ஊர்வாடை வில்லனுக்குப் பொருந்தாது எனக் குரலுக்கு வேறொருவரைத் தேடினர். வாட்சண்டையிற் பிந்திய இரு படங்களிலும் பெரும்பாலும் பொப் அன்டர்சன். 1983 இல் முகமூடி கழன்றபோது தெரிந்த முகம் செபஸ்தியன் ஷோ. அந்தக் குரல் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் என்பவருடையது. முதற்படத்துக்கான வசனம் முழுவதையும் இரண்டரை மணி நேரத்திற் பேசி முடித்தவர்; தம் பெயரைப் படத்திற் போடவேண்டாம் என்றும் சொன்னவர். 2024 இல், தமது 93 ஆம் வயதில் மறைந்தார்.

அவர் சிறுவயதில் திக்குவாயர். வெட்கத்தால் ஏறத்தாழ எட்டு ஆண்டு பள்ளியில் வாய்திறவாமலே இருந்தார். ஆசிரியர் கேட்பவற்றுக்கு எழுதியே விடை கொடுத்தார். மிச்சிகனில் உயர்பள்ளியில் அவருக்கு ஆங்கிலம் கற்பித்தவர் டொனால்ட் குரௌச். மாணவன் இரகசியமாகக் கவிதை எழுதுவதை அவர் அறிந்தார். ஒருநாள் பையன் எழுதிக்கொடுத்த கவிதையைப் பார்த்து, இது மிக நன்றாக இருக்கிறது, நீயே எழுதினாய் என்பதற்குச் சான்றாக வகுப்பின் முன் பாராமற் சொல் என்றார். பையன் எழுந்து சொன்னான், தடுக்கவில்லை. அன்றிலிருந்து மெல்ல மெல்லப் பேச்சு வந்தது. திக்கு முற்றாக நீங்கியதாக அவர் ஒருபோதும் சொல்லிக்கொண்டதில்லை. அதனோடு வாழப் பழகியதாகவே கூறினார்.

எழுதிக்கொடுத்த இரு வசனங்களையும் நாம் கிழித்துவிட்டோம்.

போட்டி நாளன்று வெயில் கொளுத்திற்று. முகமூடிக்குள் எப்படி இருந்திருக்கும் என்பதை நினைக்கவே வியர்த்தது. குடைச்சீலை காற்றில் விரிய, கவசம் சற்றே இடப்புறம் சாய, சின்னவன் நடந்து வந்தான். எமக்குப் பின்னிருந்த முதியவர் ஒருவர், “உதார், எமனோ?” என்றார். அருகிலிருந்தவர், “இல்லை, மோட்டச்சைக்கிள்காரன்” என்றார். மொல்லோ எடுத்த தோலுடையை அவர் அறியமாட்டார். ஆயினும் காற்பங்கு உண்மையைச் சொல்லிவிட்டார். பின்வரிசையில் நின்ற பெரிய மாணவர்கள் பெயரைச் சொல்லிக் கூவினர்.

ஒலிவாங்கி வந்தது.

“தம்பி, நீங்கள் யார்?”

எம் முழங்கால்கள் தாமாகவே எழுந்தன. இல்லாள் எம் மணிக்கட்டைப் பற்றினார். அமர்ந்தோம்.

சின்னவன் மூச்சை இழுத்தான், விட்டான். ஒலிபெருக்கிகள் நாலிலும் அது புறப்பட்டு மைதானத்தைக் கடந்து போயிற்று. மறுபடியும் இழுத்தான், விட்டான். வேம்பிலிருந்த காகங்கள் எழுந்தன. மூன்றாம் மூச்சிற் சிரிப்பும் கரகோஷமும் ஒன்றாய் வெடித்தன. எமக்குக் கைதட்டத் தோன்றவில்லை.

முதற்பரிசு காவடியோடு வந்த கதிர்காம யாத்திரிகர் ஒருவருக்குப் போயிற்று. அந்தச் சிறுமி நன்றாகவே செய்தாள். தீர்ப்பில் எமக்குக் குறையில்லை. இவனுக்கு இரண்டாமிடம்.

மாலையில் கிணற்றுக்கட்டில் இருத்தி அவன் கழுத்திலிருந்த கறுப்பைத் தேய்த்துக் கழுவினோம். அப்போது ஜோன்ஸின் கதையைச் சொன்னோம். டார்த் வேடரின் குரலுக்குரியவர் என்றதும் திரும்பிப் பார்த்தான். முடியுமட்டும் பேசாமற் கேட்டான். பின்னர் ஒரு கேள்வி கேட்கத் தொடங்கினான். முதலெழுத்திலே நின்றான். எம் நாவின் நுனியில் அவன் சொல்லப்போகும் சொல் வந்து நின்றது, அதனைக் கடித்துக்கொண்டோம். வாளி நீரில் வெயில் ஆடிக்கொண்டிருந்தது. அதனையே பார்த்தோம். வெகு நேரத்தின்பின் கேள்வி முழுவதாக வந்தது.

“அந்த வாத்தியார் எவ்வளவு நேரம் பாத்துக்கொண்டு நிண்டவர்?”

நாம் எண்ணியிருந்த சொல் அதுவன்று.

அதை எந்த இடத்திலும் எழுதி வைக்கவில்லையடா என்றோம். சரி என்று தலையாட்டிவிட்டு, அடுத்த ஆண்டும் அந்தக் கவசம் தலைக்குச் சேருமா என்று கேட்டான். அக்கேள்வியும் தன் நேரத்தை எடுத்துக்கொண்டே வந்தது. தலை வளர்ந்துவிடும், வேறொன்று செய்யவேண்டும் என்றோம். உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது:

“செய்யுறதெண்டால் முதலிலை என்ர சட்டிக்கு ஒரு சட்டி வாங்கித் தந்துபோட்டுச் செய்யுங்கோ!”